தாழ்ப்பாளுக்குக் கயிறு பிடித்தது யார்?

இருபத்தொன்று. இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கோட்டையின் வற்றிப்போன நீர்த்தொட்டிக்குள், ஒரு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு பெண்ணுக்கு எதிராகத் தூக்கப்பட்ட கைகள் இருபத்தொன்று. அங்கே இருந்தவர்கள் மொத்தம் இருபத்து மூன்று பேர். மிச்சம் இரண்டு பேரில் ஒருத்தி அவள். இன்னொருவர், "எனக்குத் தோள் வலி, கை தூக்க முடியல" என்று சொன்ன மனுஷர். காலையிலிருந்து அவர் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

கை தூக்கியது கோட்டையில் வேலை செய்கிறவர்களின் சங்கம். அங்கே நான் போனது பிற்பாடு. நடந்ததை அவளிடமும் கேட்டேன், கை தூக்கியவர்களிடமும் கேட்டேன். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் காதில் போடாமல் தனித்தனியாகக் கேட்டேன். பொருந்தியதை மட்டும் எழுதுகிறேன்.

அவளை எல்லாரும் 'தாழ்ப்பாள்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பிறந்த வீட்டுக்கே 'தாழ்ப்பாள் வீடு' என்று பெயர். காரணம் கோட்டை வாசலில் நிற்கும் பலகையில் இருக்கிறது. "முற்றுகையின்போது நீர் சுமப்பவன் ஒருவன் திட்டிவாசலின் தாழ்ப்பாளை நீக்கி எதிரியை உள்ளே விட்டதால் இக்கோட்டை வீழ்ந்தது." திட்டிவாசல் என்றால், பெரிய வாசலைச் சாத்திய பிறகு ஆள் போய்வர ஓரத்தில் விட்ட சின்னக் கதவு. குதிரையைக் கையில் பிடித்து நடத்திக்கொண்டு போகலாம், ஏறி உட்கார்ந்து போக முடியாது. அந்த நீர் சுமப்பவனின் வம்சம் இவர்கள்தான் என்று ஊர் சொல்கிறது. எப்படித் தெரியும் என்று கேட்டால், "எல்லாருக்கும் தெரியும்" என்பார்கள். எல்லாருக்கும் தெரியும் என்று சொல்லப்படுகிற எதையும் நான் நம்புவதில்லை. அது, விசாரித்து எழுதுகிற என் தொழில் கெடுத்த கெடு.

நூற்றாண்டுகள் போய்விட்டன. சண்டை போட்ட இரண்டு தரப்பும் மண்ணாகிவிட்டன. ஆனால் அந்த வீட்டு ஆள் கையில் சாவி கொடுப்பதில்லை என்ற பழக்கம் மட்டும் சாகவில்லை. அவள் அப்பா பள்ளிக்கூடத்தில் ஏவலாளாக இருந்தார். பெருக்குவார், மணி அடிப்பார், தண்ணீர் நிரப்புவார். ஆனால் காலையில் யாராவது ஒரு வாத்தியார் வந்து கதவு திறக்கும் வரை வெளியில் நிற்பார். மழையிலும் நிற்பார். பக்கத்து வீட்டார் வெளியூர் போனால் சாவியை நாலு வீடு தள்ளிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். கெட்ட எண்ணம் கிடையாதாம், பழக்கமாம். தெருப்பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போது இவளைச் சேர்த்துக்கொள்வார்கள், ஆனால் கண்டுபிடிக்கிற ஆளாகத்தான். ஒளிகிற ஆளாக விட்டால் காட்டிக்கொடுத்துவிடுவாளாம்.

வளர்ந்து அவள் கோட்டைக்கே வேலைக்குப் போனாள். வேறு எங்கே போவாள்? ஊரில் இருந்த பெரிய வேலை அதுதான். இடிந்த கோட்டையைச் சீர்செய்யும் வேலை. அரசாங்கம் ஒரு குத்தகைக்காரரிடம் விட்டிருந்தது. அவர் மலை ஏறியதே இல்லை. அவருக்குப் பதிலாக, கறுகறுவென்ற மீசையோடு ஒரு இன்ஜினியர் மேல் கோபுரத்து அறையில் மேசை, இரும்பு பீரோ, மின்விசிறி எல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தார். இவள் சாந்து சுமக்கும் சித்தாளாகச் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கரணை பிடிக்கக் கற்றுக்கொண்டு கொத்தனார் ஆனாள். முன்னொரு காலத்தில் எவனோ கல்லிடுக்கில் சிமெண்டை அடைத்துவிட்டுப் போயிருந்தான். அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து அடைப்பது அவள் வேலை. பெரும்பாலும் வெளிச்சுவரில், ஒரு பலகையில் உட்கார்ந்து, கயிற்றில் தொங்கிக்கொண்டு.

அந்தக் கயிற்று வேலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். சுவர் உச்சியில் ஒரு கப்பி. கயிற்றின் ஒரு முனையில் பலகை, மறு முனையைப் பிடித்துக்கொண்டு மேலே ஒரு ஆள். கத்திப் பேசினால் அந்தச் சுவர்களுக்கு நடுவே எதிரொலி வந்து 'இறக்கு' எது 'ஏத்து' எது என்று தெரியாது. அதனால் பேச்சே கிடையாது. கயிற்றை ஒரு தடவை சுண்டினால் இறக்கு, இரண்டு தடவை சுண்டினால் ஏற்று. அப்புறம் ஒரு வழக்கம். பலகையில் ஏறுகிற ஆள் தன் சாப்பாட்டுத் தூக்கைக் கயிறு பிடிக்கிற ஆளின் காலடியில் வைத்துவிட்டுத்தான் ஏறுவார். என் சோறும் உன்கிட்ட, என் உயிரும் உன்கிட்ட என்று அர்த்தம். கயிறு பிடிப்பவர் அந்தத் தூக்கைத் தாண்டி ஒரு அடி நகர மாட்டார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது இல்லை. ஆனால் அங்கே இதை மீறியவன் கிடையாது.

அவளுக்குக் கயிறு பிடித்தவர்தான் தோள் வலிக்காரர். அவருக்கு 'முணுமுணுப்பு' என்று பெயர். எந்நேரமும் தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார். வெயிலிடம் பேசுவார், கப்பியிடம் பேசுவார், செருப்பு வாரிடம் சண்டை போடுவார். "அவருகிட்ட ரகசியம் சொல்லு, பயமில்ல. காலைலேர்ந்து அவரு பேசுறத எவனும் காதுல வாங்குறதில்ல" என்று கேலி செய்வார்கள்.

பிரச்சினை கயிறுதான். பழசு. நார் பிரிந்து பூனை வால் மாதிரி சிலிர்த்து நிற்கும். புதுக் கயிறு கேட்டால் "வரும் வரும்" என்பார் இன்ஜினியர். ஒரு தடவை வட பக்கத்துச் சுவரில் ஒரு ஆள் விழுந்து இடுப்பு உடைந்தது. அதற்குப் பிறகுதான் சங்கம் உண்டாயிற்று. கல் தட்டுகிற ஒருவரைச் செயலாளர் ஆக்கினார்கள். நேர்மையான ஆள், முன்கோபி. கூடுவதற்கு இடம் தேடினார்கள். முற்றத்தில் கூடினால் கோபுரத்து ஜன்னலிலிருந்து தெரியும். அதனால் நீர்த்தொட்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பாறையைக் குடைந்த பெரிய அறை. ஜன்னல் கிடையாது, ஒரே வாசல். வாசலில் ஒரு ஆளை நிறுத்தினால் ஈ நுழையாது.

"தாழ்ப்பாள நிறுத்தலாமா?" என்று யாரோ கேட்டான்.

"ஏன், மறுபடியும் கோட்டைய விக்கவா?" என்றான் இன்னொருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சிரிக்காவிட்டால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

முதல் தடவை, அரசாங்க மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் வேலையை நிறுத்தி உட்காருவது என்று முடிவெடுத்தார்கள். பார்வையிடும் நாள் தள்ளிப்போயிற்று. இருக்கட்டும், தற்செயல் என்றார்கள். இரண்டாம் தடவை, அதிகாரி வரும்போது பழைய கயிற்றைக் கொண்டுபோய் அவர் காலடியில் போடுவது என்றார்கள். அன்று காலையில் வந்து பார்த்தால் எல்லாக் கப்பியிலும் புதுக் கயிறு! அதிகாரி தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். சாயங்காலமே புதுக் கயிறு கழன்று, பழைய பூனை வால் திரும்பி வந்தது. மூன்றாம் தடவை, யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்தார்கள். வயதான கொத்தனார் ஒருவர், நாக்கில் முள் உள்ளவர். மறுநாளே அவரைக் கல்லுடைக்கிற குழிக்கு மாற்றிவிட்டார் இன்ஜினியர்.

இதற்கு மேல் தற்செயல் என்று சொல்ல முட்டாளால்கூட முடியாது. உள்ளே ஒருவர் சொல்கிறார். யார்?

ஊர் ஏற்கனவே பதில் எழுதி வைத்திருந்த கேள்வி அது.

இதற்கு நடுவில் செயலாளர் ஒன்றைப் பார்த்துவிட்டார். தாழ்ப்பாள் கோபுரத்துப் படியிலிருந்து இறங்கி வருகிறாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. இரண்டு தடவையும் அதற்கடுத்த நாள்தான் ரகசியம் வெளியே போயிருந்தது. கூட்டத்தில் கேட்டார்.

"ஆபீசுக்கு எதுக்குப் போன?"

"பூசப் போனேன். செவுத்துல விரிசல், காத்து வருது, குளுருதுன்னு கூப்புட்டாரு."

"இத்தன கொத்தனாரு இருக்காங்க. ஒன்ன மட்டும் எதுக்குக் கூப்புட்டாரு?"

"அத அவருகிட்ட கேளுங்க."

"பாத்தியா பேச்ச! நாங்க அங்க போயிக் கேக்க முடியாதுன்னு தெரிஞ்சுதான சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல. சொல்லிருந்தா மொத மொத என் கயித்தத்தான மாத்தச் சொல்லிருப்பேன்?"

நல்ல வாதம். யார் காதிலும் ஏறவில்லை. "ரத்தம் பேசுது" என்றாள் ஒரு சித்தாள். மேஸ்திரி தலையாட்டினார். அப்புறம் கைகள் உயர்ந்தன. சங்கத்திலிருந்து நீக்கம், யாரும் அவளுக்குக் கயிறு பிடிக்கக் கூடாது. இருபத்தொன்று.

அவளைத்தான் கூப்பிட வேண்டும் என்று இன்ஜினியருக்கு எப்படித் தோன்றியது? வாசல் பலகையை அவரும் படித்தவர்தானே? சந்தேகம் எந்தத் திசையில் ஓடும் என்று தெரிந்து வாய்க்கால் வெட்டினார் என்பது என் சந்தேகம். நிரூபிக்க முடியாது. அதற்காக விட்டுவிடவும் முடியாது.

வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிற மனுஷன். நல்லவர், ஆனால் கண்ணைப் பார்த்துப் பேச மாட்டார், கையைப் பார்த்துத்தான் பேசுவார். அவள் சொல்லி முடித்ததும் மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே... நீ வாய் தவறி எதுவும் சொல்லலையே?"

அவள் கரணையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவுவதை நிறுத்தவில்லை.

"டிக்கெட் கேக்குறீங்களா?"

"இல்ல, சும்மா..."

"எடுத்துருக்கேன். காட்ட மாட்டேன். வேணும்னா எறக்கி விடுங்க."

அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இருபத்தொரு கையைவிட அந்த ஒரு கேள்விதான் சுருக்கென்றது என்று அவள் என்னிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மறுநாள் வேலைக்குப் போனாள். வழக்கம்போல் தன் தூக்கைக் கொண்டுபோய்க் கப்பி ஓரத்தில் வைத்தாள். முணுமுணுப்பு கயிற்றைத் தொடப் போனார். மேஸ்திரி, "தொட்டா நாளைக்கு ஒன் கயித்தையும் எவனும் புடிக்க மாட்டான்" என்றார். முணுமுணுப்பு நின்றுவிட்டார். அந்தத் தூக்கைச் சுற்றி இருந்தவர்கள், அதில் பாம்பு இருப்பதுபோல, ஒவ்வொருவராக விலகினார்கள். வெட்டவெளியில் தூக்கு மட்டும் தனியாக நின்றது. அவள் போய் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். கயிறு பிடிக்க ஆளில்லாத கொத்தனார் சுவரில் தொங்க முடியாது. தொங்காத கொத்தனாரை அந்த வேலையில் எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரியும். மாசக் கடைசியில் ஆள் குறைப்பு என்று ஏற்கனவே பேச்சு அடிபட்டது.

மேஸ்திரி அவளைச் சுண்ணாம்பு சலிக்கப் போட்டார். தூசி பறக்கும் என்பதால் யாரும் இல்லாத இடத்தில் சலிக்க வேண்டும். யாரும் இல்லாத இடம் நீர்த்தொட்டி. எந்த இடத்தில் அவளைக் குற்றவாளி ஆக்கினார்களோ, அதே இடத்தில் சல்லடையோடு தனியாக உட்கார வைத்தார்கள்.

இரண்டு மூன்று நாள் போனது. ஒரு நாள் சாப்பாட்டு மணி அடித்தது. சங்கத்தார் கூட்டம் போட வருவதற்கு முன் அவள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். சல்லடையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். அப்போது சுவருக்குள்ளிருந்து ஒரு சத்தம். கர்ர்ர்ர் என்று இரும்பு கல்லில் இழுபடும் சத்தம். அவளுக்கு அந்தச் சத்தம் தெரியும். இன்ஜினியர் அறையில் பீரோவை நகர்த்தினால் அப்படித்தான் கத்தும். பூச்சுக்குப் போனபோது அவளே நகர்த்தியிருக்கிறாள். பின்னாலேயே ஒரு தும்மல். பக்கத்தில் நின்று தும்முவது மாதிரி.

தொட்டியின் மூலையில், தலைக்கு மேலே, பாறையில் ஒரு துளை இருந்தது. கை நுழைகிற அளவு. எல்லாரும் பார்த்ததுதான். பழைய காலத்து நீர்க்குழாய் என்று நினைத்திருந்தார்கள். சுண்ணாம்புத் தூசி அந்தத் துளைக்குள் புகை மாதிரி ஏறிக்கொண்டிருந்தது. மேலே மறுபடியும் தும்மல்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. குளிருகிறது, காற்று வருகிறது, எல்லா விரிசலையும் அடை என்று கூப்பிட்ட மனுஷன், பீரோவுக்குப் பின்னால் இருந்த பெரிய ஓட்டையை அவள் அடைக்கப் போனபோது பதறிக்கொண்டு வந்தார். "அத விட்டுடும்மா, அது பழைய காலத்து ஓட்ட. தொட்டா சட்டப்படி குத்தம்" என்றார். மற்ற விரிசல் எல்லாம் மட்டும் நேற்றுப் பிறந்ததா? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. குளிருக்குப் பயந்தவன் வாசலை விட்டுவிட்டு ஜன்னலை மட்டும் சாத்துவானா?

அவள் நேராகச் செயலாளரிடம் ஓடவில்லை. ஓடியிருந்தால், "தப்பிக்கக் கதை கட்டுறா" என்றிருப்பார்கள். முணுமுணுப்பிடம் போனாள்.

"அண்ணே, ஒரு ஒதவி. மத்தியானம் எல்லாரும் போன பெறகு தொட்டிக்குள்ள போயித் தனியாப் பேசணும்."

"யாருகிட்ட?"

"யாருகிட்டயும் இல்ல."

"அதுதான தெனமும் செய்யுறேன்" என்றார் அவர்.

ஊரிலேயே ஆளில்லாத அறையில் நின்று பேசினாலும் ஏன் என்று கேட்கப்படாத ஒரே ஆள் அவர்தான். போனார். வெள்ளிக்கிழமை காலையில் மேற்கு வாசலில் எல்லாரும் குறுக்கே படுத்து, சுண்ணாம்பு ஏற்றி வரும் லாரியை மறிக்கப் போகிறோம் என்று துளையைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார். தானே நாலு குரலில் பேசி, "சரிதான்", "ஆமாமா", "சாகுற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது" என்று ஒத்தும் ஊதிவிட்டு வந்தார். இந்த இடத்தைச் சொல்லும்போது அவருக்கு இப்போதும் பெருமை தாங்காது.

வெள்ளிக்கிழமை லாரி கிழக்கு வாசல் வழியாக வந்தது. அந்தப் பாதையில் லாரி ஏறவே முடியாது, ஏற்றத்தில் இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டு அழுதது. மேற்கு வாசலிலோ இரண்டு காவலாளிகள் கையில் தடியோடு, ஒரு ஈயும் இல்லாத பாதையை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

முணுமுணுப்பு செயலாளரிடம் போய்ச் சொன்னார். செயலாளர் நம்பவில்லை.

"நீயே போயி இன்ஜினியருகிட்ட சொல்லிட்டு வந்திருப்ப. அன்னைக்கே கை தூக்கல நீ. தோள் வலியாம்!"

பார்த்தீர்களா? ஒருத்தியை வெளியே தள்ளிய பிறகும் ரகசியம் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. அதனால் சந்தேகம் அடுத்த ஆளைத் தேடிப் புறப்பட்டுவிட்டது. அவருக்குப் பிறகு அந்தச் சித்தாள், சித்தாளுக்குப் பிறகு மேஸ்திரி. கடைசியில் செயலாளர் தனியாக உட்கார்ந்து தன்னையே சந்தேகப்பட்டிருப்பார்.

முணுமுணுப்பு விடவில்லை. "சரி, என்ன நம்ப வேணாம். நீயே போ. தனியாப் போ. என்ன பேசப்போறன்னு என்கிட்டகூடச் சொல்லாத. செவுத்துக்கும் காது இருக்குன்னு சும்மாவா சொன்னாங்க? இங்க காது மட்டும் இல்லய்யா, மீசையும் இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தைதான் செயலாளருக்கு யோசனை கொடுத்திருக்க வேண்டும். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் இல்லை என்று எல்லாரையும் அனுப்பிவிட்டார். தனியாகத் தொட்டிக்குள் போனார். என்ன பேசினார் என்று அப்போது யாருக்கும் சொல்லவில்லை. இன்ஜினியர் மீசைக்குச் செருப்பு மை பூசுகிறார், வியர்த்தால் மேலுதட்டில் வழிகிறது, அதைப் பார்த்துக் கட்டடமே சிரிக்கிறது என்று பேசியிருக்கிறார். சின்னத்தனமான பேச்சு. அதனால்தான் அது நல்ல பொறி. வேலைநிறுத்தம் என்றால் மேலிடத்துக்குச் சொல்லலாம். இதை எவனிடம் போய்ச் சொல்வது?

திங்கட்கிழமை காலையில் இன்ஜினியர் படி இறங்கி வந்தார். மீசை வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்து வயது கூடிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல், எல்லார் முகத்தையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். முற்றத்தில் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. செயலாளர் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார். "வயித்து வலியா?" என்று கேட்டார்களாம். தலையை ஆட்டினாராம், ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்ல முடியாதபடி.

இனி அந்தத் துளைக்கு வருகிறேன். பின்னால் ஒரு ஆராய்ச்சியாளர் வந்து பார்த்தார். நீர்க்குழாயாக இருக்கலாம் என்றார். காற்றுப் போக்கியாக இருக்கலாம் என்றார். கோட்டைத் தலைவன் தன் ஆட்களின் பேச்சைக் கேட்க வைத்த காதாகவும் இருக்கலாம் என்றார். எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் மூன்றாவதை எடுத்துக்கொள்கிறேன். ஏன் என்றால் அந்தக் கோட்டையைக் கட்டியவனின் புத்தி அதன் கதவுகளில் இருக்கிறது. வெளி எதிரிக்கு ஒரு மதில். நடுக் கோபுரத்தில் தலைவன் குடியிருந்த அறைக்குப் போகும் வழியில் மூன்று கதவுகள், மூன்றுக்கும் தாழ்ப்பாள் கட்டை உள்பக்கம். யாருக்கு எதிராக? முற்றத்தில் படுத்திருந்த தன் சொந்தச் சிப்பாய்களுக்கு எதிராக. எதிரியைவிடத் தன் ஆட்களைக் கண்டு அவன் அதிகம் பயந்தான். சிப்பாய்கள் தண்ணீர் மொள்ள வருகிற இடத்தில்தான் குசுகுசுப்பார்கள். காது வைக்க அதைவிடத் தோதான இடம் உண்டா?

வாசல் பலகையையும் இன்னொரு தடவை படியுங்கள். மேலே, நீர் சுமப்பவன் திட்டிவாசலைத் திறந்தான் என்று இருக்கிறது. நடுவில் மதில் எத்தனை உயரம், எந்தக் கல் என்று வளவளப்பு. கடைசி வரியில், கோட்டைத் தலைவன் குடும்பத்தோடும் குதிரைகளோடும் அன்றிரவே திட்டிவாசல் வழியாகத் தப்பினான் என்று இருக்கிறது. ஒரே இரவு, ஒரே கதவு. தலைவன் தப்பிப் போக அந்தக் கதவைத் திறந்தது யார்? போன பிறகு சாத்தினானா? நடுவில் உயரத்தையும் கல்லையும் போட்டு அந்த இரண்டு வரியைப் பிரித்து வைத்தது யார்? காலங்காலமாக அந்த வழியே போய்வருகிற எவனும் இரண்டையும் சேர்த்துப் படித்ததில்லை. உயிரோடு தப்பியவன்தான் கதை சொல்லியிருப்பான். செத்தவன் வம்சம் அதைச் சுமக்கிறது.

இதை நான் அவளிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சாந்து குழைத்துக்கொண்டே சொன்னாள்: "அவரு தெறந்தாரோ தெறக்கலையோ, எனக்கு எதுக்குங்க? நான் தெறக்கல. அத மட்டும் கேட்டா போதும்."

செவ்வாய்க்கிழமை செயலாளர் எல்லாரையும் கூட்டினார். தொட்டியில் இல்லை, கப்பி ஓரத்தில், திறந்த வெளியில். அந்தச் சுவர்க் காதுக்கு எட்டாத தூரத்தில். துளையைப் பற்றிச் சொன்னார். மீசையைப் பற்றியும் சொன்னார். சிரிப்பு அடங்க வெகு நேரம் ஆயிற்று. சிரித்தவர்கள் மெல்ல ஒவ்வொருவராக அவள் இருந்த பக்கம் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். அவள் சல்லடையோடு ஓரமாக நின்றாள்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "தீர்மானம் ஒண்ணு போட்டோம். அத ரத்து பண்ணணும். முறைப்படி ஓட்டுக்கு விடுறேன். ஆதரிக்கிறவங்க கையத் தூக்..."

"யாரும் கையத் தூக்காதீங்க" என்றாள் அவள்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அன்னைக்குத் தூக்குனதே போதும். கையி கீழயே இருக்கட்டும். கயித்தப் புடிங்க."

சல்லடையைக் கீழே வைத்தாள். தன் தூக்கை எடுத்துக்கொண்டு வந்தாள். முணுமுணுப்பின் காலடியில் வைப்பாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவரும் கையைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்றார். அவரைத் தாண்டிப் போனாள். செயலாளரின் காலடியில் வைத்தாள்.

செயலாளர் கல் தட்டுகிறவர். கயிறு பிடித்துப் பழக்கமில்லை. ஒரு அடி பின்வாங்கினார்.

"எனக்கு இது வராதும்மா. வேற யாராச்சும்..."

"நீங்கதான கேள்வி கேட்டீங்க? நீங்களே புடிங்க. ஒரு சுண்டு எறக்கம், ரெண்டு சுண்டு ஏத்தம். அவ்வளவுதான். நம்பித்தான் ஏறுறேன்."

"தப்பாயிடுச்சின்னா?"

"கீழ போயிருவேன். நீங்க அன்னைக்கே அனுப்பிட்டீங்க, இன்னொரு தடவ போறதுல என்ன?"

முணுமுணுப்பு, செயலாளரின் முதுகுக்குப் பின்னால் போய், கயிற்றின் வாலைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கப்பியிடம் ஏதோ சொன்னார். அவள் பலகையில் ஏறி உட்கார்ந்து, மதிலுக்கு வெளியே காலைத் தொங்கவிட்டாள். ஒரு சுண்டு. செயலாளர் கயிற்றை விட்டார், அங்குலம் அங்குலமாக. பழைய கயிறு முறுக்கென்றது. மத்தியானம் வரை அவர் அந்தத் தூக்கைத் தாண்டி நகரவில்லை. தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தபோதும் கையை எடுக்காமல் வாயில் ஊற்றச் சொன்னார்.

கயிறு பிற்பாடு மாறியது. அது சுலபமாகவே நடந்தது. தொட்டிக்குள் போய் எல்லாரும், "இனிமே ஒண்ணும் பண்ண வேணாம்ப்பா, பொழப்பப் பாப்போம்" என்று துளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். இன்ஜினியர் நிம்மதியாகத் தூங்கினார். அதிகாரி வந்த நாளில் கப்பியில் பழைய பூனை வால்தான் இருந்தது. அவள் பலகையிலிருந்து இறங்கி, பிரிந்த நாரை அதிகாரி உள்ளங்கையில் வைத்து, "இதுல உக்காந்து பாக்குறீங்களா?" என்று கேட்டாள். புதுக் கயிறு அந்த வாரமே வந்தது. கழற்றிக்கொண்டு போகவும் இல்லை. மாசக் கடைசியில் ஆள் குறைப்பும் நடக்கவில்லை.

துளையை யாரும் அடைக்கவில்லை. சட்டப்படி குற்றமாம். இன்ஜினியர் பீரோவை அதற்கு முன்னாலேயே வைத்திருக்கிறார், நகர்த்துவதில்லை என்று சொல்கிறார். நான் நம்பவில்லை. தொழிலாளிகளும் நம்பவில்லை. இப்போது முற்றத்தில் நின்றுதான் கூடுகிறார்கள்.

அவள் இன்னும் அதே வெளிச்சுவரில்தான் தொங்குகிறாள். இன்னும் தாழ்ப்பாள் என்றுதான் கூப்பிடுகிறார்கள், இப்போது மரியாதையாகக் கூப்பிடுவதாக அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். அவள் புருஷன் ஒரு நாள் சாயங்காலம் பேச்சே இல்லாமல் அவள் கரணையை எடுத்துக் கழுவி வைத்தார். அதை அவள் கணக்கில் சேர்க்கவில்லை, அவர் கை தூக்கியவர் இல்லையே என்றாள். கயிறு எல்லாரும் பிடித்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் மலையடிவாரத்தில் அவள் வீடு எங்கே இருக்கிறது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

கை தூக்கிய இருபத்தொரு பேரில் அந்த வாசலுக்கு வந்து மன்னிப்புக் கேட்டவர்கள்: மூன்று.